எழுத்துப் பிழையா, இன்னொரு மொழியா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டு மேசையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கண்டேன். வெளிநாட்டிலே மருத்துவத் தொண்டாற்றித் திரும்பிய உறவினர் ஒருவர் அதனைக் கொண்டுவந்திருந்தார். கை கழுவும் பெண் ஒருத்தி, அடுப்பின்மீது கொதிக்கும் நீர்ப்பானை, மூடிவைத்த குடம் ஆகிய மூன்று படங்களும், அவற்றின் கீழே உரோமன் எழுத்தில் அமைந்த சிறு வாக்கியங்களும் அதிலே காணப்பட்டன. நண்பர் பிரெஞ்சு மொழியை முறையாகக் கற்றவர். அவர் பிரசுரத்தை எடுத்து உரக்க வாசித்தார், வாசித்துவிட்டுச் சிரித்தார். "பிரெஞ்சுதான், ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவன் எழுதியிருக்கிறான்" என்றார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. நீரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'ஓ' என ஒலிப்பது. பிரசுரத்திலோ 'த்லோ' என்று இருந்தது. பிரெஞ்சிலே 'சி' எழுத்தும் 'கியூ' எழுத்தும் வரவேண்டிய இடங்களிலெல்லாம் 'கே' வந்திருந்தது. பிரெஞ்சுச் சொற்களின் இறுதியில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத எழுத்துக்கள் ஒன்றையேனும் காணவில்லை. பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையைக் கையில் எடுத்திருந்தால், அச்சிறு தாள் முழுவதும் சிவந்திருக்கும்.

உண்மையில் அது பிழைபட்ட பிரெஞ்சு அன்று. ஹெயிட்டி நாட்டு மக்களின் மொழியாகிய கிரியோல் அது. 2010 ஆம் ஆண்டு சனவரியில் அந்நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் வாந்திபேதி பரவத் தொடங்கியது. நீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கைகளைக் கழுவுங்கள் என்ற செய்தி, எழுத்துப் பிழையற்ற பிரெஞ்சிலே அச்சிடப்பட்டிருந்தால், அந்நாட்டின் பெரும்பாலான மக்களுக்கு அது விளங்கியிராது. எந்த எழுத்துக்களைக் கண்டு எம் நண்பர் நகைத்தாரோ அந்த எழுத்துக்களே அங்கு உயிர்காக்கும் செய்தியைத் தாங்கிச் சென்றன.

இந்தச் சிறு நிகழ்ச்சி என் சிந்தனையில் நெடுநாள் நின்றது. அறியாத மொழியொன்று செவியிலோ கண்ணிலோ படும்போது நாம் யாது செய்கிறோம்? அறிந்த ஒன்றின் சாயலைத் தேடுகிறோம். அதுவே மனித அறிவின் இயல்பு. ஆனால் சாயலைக் கண்டுகொண்டவுடன், சாயலுக்கு அப்பால் எஞ்சியிருப்பதைப் பிழை என்று கணக்கிட்டுவிடுகிறோம். ஒரு மொழியை இனங்காண்பது அறிவின் செயல். அதனை மொழியென ஏற்றுக்கொள்வது ஒழுக்கத்தின் செயல். முன்னையது நிகழ்ந்துவிட்டதனாலேயே பின்னையதும் நிகழ்ந்துவிட்டதாக எண்ணுவது படித்தவர்களிடையே பெருவழக்காயுள்ள மயக்கமாகும். மயக்கத்தின் வேர் எங்கே உள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே ஒலியையும் சொல்லையும் எடுத்துக்கொள்வோம். 'த்லோ' என்ற சொல் எவ்வாறு பிறந்தது? பிரெஞ்சுக்காரர் 'சிறிது நீர்' என்று சொல்லும்போது நீரைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னே சில சிறு சொற்களைச் சேர்த்து 'து லோ' என்பர். கரும்புத் தோட்டத்திலே அதனைக் கேட்ட ஆபிரிக்கருக்கு அச்சிறு சொற்கள் தனியே பிரிந்து நிற்கவில்லை. கேட்ட ஒலி முழுவதையும் ஒரே சொல்லாகக் கொண்டனர். இவ்வாறே பறவைகள் என்பதற்கான பிரெஞ்சுத் தொடரின் ஈற்றொலி அடுத்த சொல்லோடு ஒட்டி 'ஸ்வாஸோ' ஆயிற்று. அரிசி 'திரி' ஆயிற்று. நிலவு 'லலின்' ஆயிற்று. பாடசாலை 'லெகோல்' ஆயிற்று. எழுதப்பட்ட பிரெஞ்சை அறிந்தவன் இவற்றை ஒட்டுப்போட்ட பிழைகள் என்பான். ஆயின் செவியொன்றையே துணையாகக் கொண்டு ஒரு மொழியைப் பெற்ற எந்தச் சமூகமும் சொல்லின் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும். அவ்வாறு வகுத்தது கூர்ந்த செவியின் செயல். அறியாமையின் செயல் என்று அதனைக் கூற இயலாது.

சொற்களை விட்டு வாக்கியத்தினுள் நுழைந்தால், பிரெஞ்சின் சாயல் வேகமாகக் குறைந்துவிடுகிறது. 'அந்தப் புத்தகம்' என்று சுட்டிச் சொல்லும் சிறுசொல், பிரெஞ்சிலே பெயருக்கு முன்னால் நிற்கும். கிரியோலில் அது பெயருக்குப் பின்னால் வந்து 'லிவ் லா' ஆகிறது. 'என் புத்தகம்' என்பதிலும் 'என்' என்பது பின்னாலேயே வரும். மேற்கு ஆபிரிக்காவின் ஃபொன் மொழியிலும் சுட்டு பெயரின் பின்னே நிற்பதை மொழியியலாளர் எடுத்துக்காட்டுவர். பேச்சுவழக்குப் பிரெஞ்சிலும் பெயரின் பின்னே 'லா' சேர்த்துச் சுட்டும் முறை உண்டு. இரு திசைகளிலிருந்து வந்த இரண்டு பழக்கங்கள் சந்தித்த இடத்திலே ஒரு புதிய விதி தோன்றியிருக்கிறது.

வினைச்சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சு வினை தன்மை, முன்னிலை, படர்க்கைக்கும் ஒருமை, பன்மைக்கும் ஏற்ப எழுத்திலே வடிவம் மாறும். கிரியோலிலே 'மான்ஜே' என்ற ஒரே வடிவம் உண்ணுதலை எல்லா இடத்திற்கும் எண்ணுக்கும் உரைக்கும். காலத்தை எப்படி அறிவது? வினைக்கு முன்னே 'தே' என்ற சிறுசொல் வந்தால் நிகழ்ச்சி முடிந்தது என்று பொருள். 'ஆப்' வந்தால் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தும் வரும். அப்பொழுது, அன்று நடந்துகொண்டிருந்தது என்பது பொருளாகும். 'ஆப்' என்பது 'பின்னால்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குடியானவரும் மாலுமியரும் பேசிய வழக்கொன்றிலே அச்சொல் ஒரு செயலில் ஈடுபட்டிருப்பதைக் குறித்தது. பாரிசின் அறிஞர்கள் கைவிட்ட அவ்வழக்கை ஹெயிட்டியின் உழைப்பாளிகள் ஓர் ஒழுங்கான இலக்கண உறுப்பாக வளர்த்தெடுத்தனர். அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கும் 'லி' என்ற ஒரே சொல் போதுமாயிற்று. ஒழுங்கு இருக்கும் இடத்தில் பிழை என்ற சொல்லுக்கு வேலையில்லை. பிழைக்கு விதி கிடையாது. இங்கே குழந்தையும் மீறாத விதி இருக்கிறது.

அப்படியாயின் 'உடைந்த மொழி' என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். 1697 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ஸ்பானியரிடமிருந்து பிரான்சு பெற்ற செயின்ட் டொமிங் என்ற குடியேற்ற நாடே பின்னர் ஹெயிட்டி ஆயிற்று. ஐரோப்பா உண்ட சீனியிலும் அருந்திய கோப்பியிலும் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. 1789 ஆம் ஆண்டளவில் அங்கு அடிமைகளாக வாழ்ந்தோர் ஏறத்தாழ 5 இலட்சம். வெள்ளையரோ 40,000 பேருக்கு மேற்படார். அடிமைகளிற் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலே பிறந்து, கப்பலிலே கொண்டுவந்து விற்கப்பட்டவர்கள். வெவ்வேறு மொழி பேசியோர் ஒரே தோட்டத்திலே, ஒரே சாட்டையின் கீழ் நின்றனர். தமக்குள் பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. கிடைத்த சொற்களைக் கொண்டு அதனை ஆக்கினர். எசமானரின் சொற்களே பெரும்பாலும் கிடைத்தன. ஏனெனில் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. சொற்களின் பிறப்பிடம் அதிகாரத்தின் பிறப்பிடத்தைக் காட்டுகிறது. வாக்கியத்தின் அமைப்போ உழைத்தவரின் கையைக் காட்டுகிறது.

இம்மொழியின் வலிமையை அக்காலத்து ஆட்சியாளர் நன்றாகவே உணர்ந்திருந்தனர். 1791 ஆம் ஆண்டு அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், 1793 இல் பிரெஞ்சுக் குடியரசின் ஆணையாளர் சொந்தொனாக்ஸ் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிரியோலிலும் அச்சிடப்பட்டது. எட்டாண்டுகளின் பின்னர் நெப்போலியன் அதே நாட்டை மீட்டெடுக்கப் பெரும்படையை அனுப்பியபோது, நீங்கள் எல்லோரும் சுதந்திரர்களே என்று ஆறுதல் கூறும் அறிக்கையையும் கிரியோலில் அச்சிட்டே அனுப்பினான். விடுதலையை அறிவிக்கவும் கிரியோல் தேவைப்பட்டது. ஏமாற்றவும் கிரியோல் தேவைப்பட்டது. மக்களை அணுகவேண்டிய நெருக்கடியில் அது மொழியாயிற்று. நெருக்கடி தீர்ந்ததும் மீண்டும் கொச்சையாயிற்று. ஏமாற்று பலிக்கவில்லை, 1804 ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று. ஆயின் அச்சுதந்திரப் பிரகடனம் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது. எசமானர் வெளியேறினர், எசமானரின் மொழி அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பாடசாலையிலும் அமர்ந்துகொண்டது. புதிய ஆளும் வர்க்கத்திற்கு அது வேலியாயிற்று.

'உடைந்த மொழி' என்ற வசை ஹெயிட்டிக்கு மட்டும் உரியதன்று. பப்புவா நியூகினியின் தொக் பிசின் என்ற மொழிக்குச் சொற்களைப் பெரும்பாலும் ஆங்கிலமே கொடுத்தது. 'பெலோங்' என்ற ஆங்கிலச் சொல் அங்கே 'பிலோங்' ஆகி, வேற்றுமை உருபு போன்று இயங்குகிறது. ஆங்கிலம் அறிந்தவர் செவிக்கு அது மழலையாகவே தோன்றும். 1953 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் பொறுப்பாட்சி மன்றம் அம்மொழியை ஒழிக்குமாறு அவுஸ்திரேலியாவைக் கோரியது. குடியேற்ற ஆட்சியின் எச்சமாகிய அரைகுறை ஆங்கிலம் சுதேசிகளை இழிவுபடுத்துகிறது என்பது அந்தக் கோரிக்கையின் பின்னிருந்த எண்ணம். நோக்கம் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்க மொழியியலாளர் ரொபேட் ஹோல் 1955 இல் அக்கோரிக்கையை மறுத்து ஒரு நூலே எழுதினார்.

தமிழரின் செவிக்கு அம்மொழியில் ஓர் உறவு உண்டு. தொக் பிசினிலே, கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்ல 'யுமி' என்பர். கேட்பவரை விலக்கிச் சொல்ல 'மிபெலா' என்பர். நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் இடையே எமது மொழி காட்டும் வேறுபாடு அது. ஆங்கிலத்திலே இவ்வேறுபாட்டைக் காட்டத் தனிச்சொற்கள் இல்லை. நீயும் நானும் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுட்பத்தை அம்மக்கள் படைத்தனர். முழுமையான மொழி எது, குறைபட்ட மொழி எது என்ற வினாவிற்கு 'யுமி' என்ற சிறுசொல் விடையளிக்கிறது. இன்று தொக் பிசின் பப்புவா நியூகினியின் அரச கரும மொழிகளுள் ஒன்று. பாராளுமன்றத்தில் அது பேசப்படுகிறது.

இன்னும் ஒருபடி மேலே சென்று வினவலாம். கிரியோல் என்று ஒரு மொழியை அதன் ஒலியைக் கொண்டு மட்டும் இனங்காண முடியுமா? கிரியோல் மொழிகள் இலக்கண அமைப்பிலேயே தனியொரு வகையைச் சேர்ந்தவை என்பாரும் உளர். ஹெயிட்டியிலே பிறந்த மொழியியலாளர் மிஷெல் டெகிராஃப் அதனை வன்மையாக மறுக்கிறார். ஏனைய மொழிகள் மாறி வளரும் வழியிலேயே இவையும் வளர்ந்தன என்பதும், இவற்றைத் தனியே ஒதுக்கியது குடியேற்றக் காலத்து மனப்பாங்கே என்பதும் அவர் வாதம். அறிவுலகில் இவ்விவாதம் முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. இலத்தீன் மொழியின் வேற்றுமை உருபுகள் சிதைந்தும், ஒலிகள் தேய்ந்தும் பிறந்ததே பிரெஞ்சு. 813 ஆம் ஆண்டிலே தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், மக்களுக்கு இலத்தீன் விளங்காமையால், நாட்டுப்புறத்தார் பேசும் பேச்சிலே பிரசங்கம் செய்யுமாறு குருமாருக்குக் கட்டளையிட்டது. அந்த நாட்டுப்புறப் பேச்சே நாளடைவில் அரசவைப் பிரெஞ்சாக உயர்ந்தது. அதனை உடைந்த இலத்தீன் என்று இன்று எவரும் கூறுவதில்லை. சிதைவு என்ற சொல்லையும் வளர்ச்சி என்ற சொல்லையும் பங்கிட்டுக் கொடுப்பது இலக்கணமன்று. படையும் பணமும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களே அப்பங்கீட்டைச் செய்கின்றனர்.

ஒலியைவிட எழுத்திலே இவ்வுண்மை இன்னும் தெளிவாக வெளிப்படும். பேசப்படும் மொழியொன்றை எழுதப் புகுவோர்முன் இரு வழிகள் உள்ளன. சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும்படி எழுதலாம். அல்லது அம்மக்கள் அதனை எவ்வாறு ஒலிக்கின்றனர் என்பதைக் காட்டும்படி எழுதலாம். முதல்வழியிற் சென்றால் கிரியோல், பிரெஞ்சின் கிழிந்த ஆடையை உடுத்து நிற்கும். இரண்டாம் வழியிற் சென்றால் தன் ஆடையில் நிற்கும். ஆனால் பிரெஞ்சு கற்றவர் கண்ணுக்கு அது அந்நியமாய்த் தெரியும். கரிபியன் கடலிலே பாப்பியமெந்து என்ற மொழியின் கதை இதற்கு நல்ல சான்று. ஒரே மொழியைக் குராசோவிலும் பொனெயரிலும் ஒலியைப் பின்பற்றி எழுதுகின்றனர். அருகேயுள்ள அரூபாவிலே ஸ்பானிய எழுத்துமுறையின் சாயலைப் பேணி எழுதுகின்றனர். வீடு என்ற ஒரே சொல்லை, ஒரே ஒலியோடு, ஓரிடத்தில் 'கே' எழுத்தாலும் மற்றோரிடத்தில் 'சி' எழுத்தாலும் தொடங்குகின்றனர். மொழியின் பெயரைக்கூட ஓரிடத்தில் உகரத்திலும் மற்றோரிடத்தில் ஓகாரத்திலும் முடிக்கின்றனர். கண்ணை மட்டும் நம்புபவன் இரண்டு மொழிகள் என்று மயங்குவான்.

ஹெயிட்டியிலோ 'கே' என்ற எழுத்து ஓர் அரசியற் போராட்டமாயிற்று. 1940களின் முற்பகுதியில் மெதடிஸ்த மிசனறியான மக்கொனெல் என்பவரும், அமெரிக்க எழுத்தறிவியக்கத்தினரான லோபாக் என்பவரும் கிரியோலுக்கு ஒலிவழி எழுத்துமுறையொன்றை அமைத்தனர். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்பது அதன் அடிப்படை. உடனே எதிர்ப்பு எழுந்தது. 'கே', 'டபிள்யூ' ஆகிய எழுத்துக்கள் ஆங்கிலத்தின் எழுத்துக்கள். அமெரிக்காவின் எழுத்துக்கள் என்றனர். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெயிட்டியை ஆக்கிரமித்திருந்தது. அந்தப் புண் ஆறாத நாட்டிலே இக்குற்றச்சாட்டு வெறும் சாட்டு என்று தள்ளிவிடக்கூடியதன்று. ஏகாதிபத்தியம் பள்ளிப் புத்தகத்தின் வழியாகவும் நுழையும் என்பதை நாம் அறிவோம்.

இவ்விடத்திலேதான் முற்போக்காளனுடைய மனச்சாட்சி சோதனைக்கு உள்ளாகிறது. அமெரிக்க ஆதிக்கத்தை எதிர்ப்பவன் 'கே' எழுத்தையும் எதிர்க்கவேண்டுமா? எதிர்த்தவர்கள் அதற்கு மாற்றாக வேண்டியது எதனை? பிரெஞ்சின் சாயலுள்ள எழுத்தை. கிரியோலைக் கற்கும் பிள்ளை பின்னர் பிரெஞ்சுக்கு எளிதாக ஏறிச்செல்லலாம் என்ற சமாதானத்தோடு. அதாவது, ஒரு பேரரசின் நிழலை அகற்றுவதற்கு இன்னொரு பேரரசின் நிழலில் ஒதுங்குமாறு கூறினர். இரு நிழல்களுக்கும் இடையிலே, எழுதப்படிக்கத் தெரியாத குடியானவன் எந்த எழுத்தை விரைவாகக் கற்பான் என்ற வினா மறைந்துபோயிற்று. ஓர் ஒலிக்கு மூன்று எழுத்துக்களை மனனம் செய்யும் ஓய்வு படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு உண்டு. பகலெல்லாம் வயலில் நிற்பவனுக்கு இல்லை. எழுத்துச் சீர்திருத்தத்தை எடைபோடுவதற்கு அதனை ஆக்கியவரின் கடவுச்சீட்டு போதிய அளவுகோல் ஆகாது. அதனால் யார் வாசிக்கத் தொடங்குவர் என்பதே அளவுகோல்.

ஹெயிட்டியரான ஃபொப்லா, பிரெசுவார் ஆகிய இருவரும் 1951 இல் அம்முறையைத் திருத்தினர். மூக்கொலிகளைப் பிரெஞ்சுப் பழக்கத்தையொட்டி எழுதினர்; 'கே' எழுத்தையோ விட்டுவைத்தனர். 1979 இல் பாடசாலைகளிலே கிரியோலுக்குச் சட்டத்தின் மூலம் இடம் கிடைத்தது. இன்றைய எழுத்துமுறையும் அக்காலத்திலேயே உறுதிப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஹெயிட்டியர் எல்லோரையும் இணைக்கும் மொழி கிரியோலே எனக்கூறி அதனைப் பிரெஞ்சோடு அரச கரும மொழியாக்கியது. இதற்கிடையே எழுத்தாளர்கள் சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை. மொறிசோ லெறுவா 1953 இலேயே பண்டைய கிரேக்கத்தின் அந்திகோனி நாடகத்தைக் கிரியோலில் ஆக்கினார். ஃபிராங்கெதியேன் 1975 இல் தம் நாவலொன்றை அம்மொழியில் எழுதினார். அடிமைகளின் கொச்சையில் அரசகுமாரி பேச முடியுமா என்று ஐயுற்றோருக்கு மேடையே விடையாயிற்று.

இவ்வளவும் கூறியபின், எளிதில் ஒதுக்கமுடியாத மறுப்பொன்று எஞ்சி நிற்கிறது. கிரியோல்வழிக் கல்வியை எதிர்த்தவர்களில் ஏழைப் பெற்றோரும் இருந்தனர். "எம் பிள்ளைக்குக் கிரியோல் தெரியும். அதற்குப் பாடசாலை எதற்கு? அலுவலகத்தின் கதவு பிரெஞ்சினால் அல்லவா திறக்கிறது?" என்று அவர்கள் கேட்டனர். அவர்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று கூற நமக்கு என்ன உரிமை? அவர்கள் தம் சமூகத்தின் அமைப்பைச் சரியாகவே வாசித்திருக்கின்றனர். வேலியை விட்டுவைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே உள்ளவர்களை நோக்கி உங்கள் நிலம் அழகானது என்று பாராட்டுவது ஒருவகை வஞ்சனையாகிவிடும். ஆகவே, கிரியோலைப் புகழ்வதோடு கடமை முடிவதில்லை. அலுவலகத்தின் கதவும் நீதிமன்றத்தின் கதவும் அம்மொழிக்குத் திறக்கப்பட வேண்டும்.

ஆனால் பெற்றோரின் வாதம் இன்னொன்றை மறந்துவிடுகிறது. விளங்காத மொழியிலே முதலெழுத்தைக் கற்கும் குழந்தை, எழுத்தையும் கற்பதில்லை. அந்த மொழியையும் கற்பதில்லை. பொருளின்றி ஒப்பிக்கக் கற்கிறது. தலைமுறை தலைமுறையாக ஹெயிட்டியின் பாடசாலைகளிலே கிரியோல் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர், வெட்கப்படுத்தப்பட்டனர். தாயிடம் கேட்ட பேச்சுக்காக வெட்கப்படக் கற்ற பிள்ளை, அடுத்துத் தாய்க்காகவும் வெட்கப்படக் கற்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அதிகம் சிந்திக்கவேண்டிய இடம் இது. பிரெஞ்சு பேசுவதனால் மட்டும் ஒருவன் அறிவாளி ஆகிவிடமாட்டான் என்ற பொருளில் ஹெயிட்டியரிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. பாடசாலை கற்பிக்க மறுத்ததை மக்கள் தாமே கண்டு பழமொழியாக்கிக்கொண்டனர்.

கரிபியன் தீவைப்பற்றி இவ்வளவு பேசும் நாம் எம் அயலைப் பார்க்காதிருந்தால் அது நேர்மையாகாது. இலங்கையிலும் ஒரு கிரியோல் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து 1658 வரை கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மொழி, அவர்களுக்குப்பின் ஒல்லாந்தர் ஆட்சியிலும் ஆங்கிலேயர் ஆட்சியிலும் வீடுகளிலே வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெஸ்லியன் மிசனறிமார் அதிலே வேதநூலை அச்சிட்டனர். இன்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியருள் சிலரே அதனைப் பேசுகின்றனர். தச்சராயும் கொல்லராயும் தையற்காரராயும் தலைமுறைகள் வாழ்ந்த எளிய மக்கள் அவர்கள். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மட்டக்களப்பு டச்பார் கரையில் வாழ்ந்த அவர்களது குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது.

கதிரை, மேசை, அலுமாரி, பாண், சப்பாத்து, குசினி, விறாந்தை ஆகியன எம் நாவில் அன்றாடம் புரளும் போர்த்துக்கேயச் சொற்கள். இவற்றை வழங்குவதனால் நாம் உடைந்த போர்த்துக்கேயம் பேசுகிறோம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் பறங்கியரின் பேச்சைக் கேட்டவர்கள் அதனை அவ்வாறே அழைத்தனர். லிஸ்பனிலிருந்து வரும் ஒருவர் அப்பேச்சில் தம் சொற்களைக் கண்டுகொள்வார். கண்டுகொண்டு, சிதைந்துவிட்டனவே என்று இரங்குவார். அவருக்கு விளங்காதது வாக்கியத்தின் அமைப்பு. வினை இறுதியில் வருகிறது. போர்த்துக்கேயத்திலே பெயருக்கு முன்னே நின்ற சொல், இங்கே பெயருக்குப் பின்னே சென்று உருபாகிவிட்டது. எனக்குப் பசிக்கிறது என்று தமிழிலே நாம் நான்காம் வேற்றுமையில் வைத்துச் சொல்லும் முறையும் அதில் உண்டு. நூற்றாண்டுக்கணக்கிலே தமிழரோடு கலந்து வாழ்ந்து, எம் வாக்கியத்தின் எலும்புக்கூட்டைத் தமதாக்கிக்கொண்டது அம்மொழி. அன்னியராகிய லிஸ்பன்காரர் சொல்லைக் கேட்டு உறவு கொண்டாடுகிறார். அமைப்பிலே உறவினராகிய நாமோ அதனை இனங்காணவேயில்லை.

செவி தானாகத் தீர்ப்பளிப்பதில்லை. யாருடைய சொல்லைப் பெரிதென மதிக்கக் கற்றிருக்கிறதோ அவருடைய சொல்லையே அது எங்கும் தேடுகிறது. அறியாத மொழியொன்றின் முன் நிற்கும்போது, இது எதனைப் போல இருக்கிறது என்ற வினா தவிர்க்கமுடியாதது. அதனோடு நின்றுவிடாமல், இதனை யார் ஆக்கினர், எத்தகைய வாழ்விலே நின்று ஆக்கினர், இதன் விதி யாது என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். அவ்வாறு கேட்பவன் கையிலுள்ள சிவப்பு மை சற்றுத் தயங்கும்.

எம் நண்பரிடம் இவற்றையெல்லாம் பின்னொருநாள் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. பிரசுரத்தை மீண்டும் எடுத்து, இம்முறை 'த்லோ' என்ற சொல்லை மெதுவாக, எழுதியிருந்தபடியே வாசித்தார். பின்னர் அதன் கீழிருந்த வாக்கியத்தில் சுட்டுச்சொல் எங்கே நிற்கிறது என்று தேடத் தொடங்கினார்.